கொம்பும் காலும்

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்து. வெற்றிச்செல்வி போனை எடுத்துப் பார்த்தாள். குவாரியிலிருந்து அழைப்பு இல்லை. திங்கள் முதல் இல்லை.

வழக்கமாகத் தினமும் ஒன்று வரும். பிரிண்டர் ஓடவில்லை. எலி வயரைக் கடித்துவிட்டது. திரையில் எழுத்து பெரிதாகிவிட்டது, எப்படிச் சின்னதாக்குவது. நான்கு நாள் சத்தமே இல்லாதது அவளை உட்காரவிடவில்லை.

பெரம்பலூரில் உரக்கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் ஆபீஸ். சுற்றுவட்டாரத்து அரைவை மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குவாரிக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பார்கள். குவாரியுடையது அவள் எழுதியது.

அரியலூரைத் தாண்டி இருக்கிறது அந்தச் சுண்ணாம்புக்கல் குழி. காலையில் ஆட்கள் மேல் வாசல் வழியாக இறங்குவார்கள். வாசலில் இருப்பவர் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டுவார். மதியம் வெடி வைக்கும் முன் எல்லாரும் கீழ் வாசல் வழியாக வெளியேற வேண்டும். அங்கே போனில் பெயரைத் தட்டுவார்கள். இரண்டு பட்டியலையும் கீழ் வாசல் கொட்டகைக் கம்ப்யூட்டரில் மென்பொருள் ஒப்பிடும். வெளியே வராதவர் பெயர் திரையில் நிற்கும். திரையில் சைபர் வந்தால்தான் ஃபோர்மேன் சைரன் ஊதலாம். ஒன்றரை மணிக்கு வெடி.

ஆட்களுக்கு எண் கிடையாது. ஒப்பந்தக்காரர் தினமும் வேறு வேறு ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்குவார். பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான் அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே போய் அப்டேட் செய்துவிட்டு வந்தாள். அவள் எழுதிய நிரலுக்கு அடியில், முகம் தெரியாத யார் யாரோ எழுதிய ஆயத்த நிரல்கள், பேக்கேஜ்கள், இருந்தன. ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை என்று அறிவிப்பு வந்திருந்தது. அதைப் புதுப்பித்தால் அதோடு ஒட்டியிருக்கும் வேறு சிலவும் புதிதாகும். புதுப்பித்தாள். தன் சோதனைகளை ஓட்டினாள். எல்லாம் பச்சை, ஒரு பிழையும் இல்லை.

பெயர்களை ஒப்பிடும் பேக்கேஜில், வெர்ஷன் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. கடைசி இலக்கம் மாறினால் பழைய வேலை எதுவும் கெடாது என்று பொருள். மாற்றக் குறிப்பில் ஒரு வரி. வேகம் கூட்டப்பட்டது. எதை எடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள் என்று இல்லை.

அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, பெரம்பலூர்லேருந்து வெற்றி. சாஃப்ட்வேர் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதும்மா." ஃபோர்மேன் அய்யம்பெருமாள். பின்னால் டிப்பர் சத்தம். "என்ன அதிசயமா நீயே கூப்பிடுற?"

"நாலு நாளா நீங்க திட்டலயேன்னு பாத்தேன்."

"திட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. இந்தக் கொளஞ்சிப் பயதான் வெளிய வர மாட்டேங்குறான்."

"எந்தக் கொளஞ்சி?"

"நல்லாக் கேட்ட போ. இந்தப் பக்கம் கல்ல வுட்டா அது ஒரு கொளஞ்சி மேலதான் வுழும். தெனம் லிஸ்ட்ல கொளஞ்சி நிக்கிறான். ஆளப் பாத்தா டீக்கடைல வடை தின்னுகிட்டு இருக்கான்."

அவள் எழுந்து நின்றாள்.

"வேற யாரு நிக்கிறா?"

"ஏழெட்டுப் பேரு. திங்கக்கெழம உள்ள எறங்கித் தேடுனோம். ஒருத்தனும் இல்ல. செவ்வாக்கெழமயும் தேடுனோம். அப்புறம் வுட்டாச்சு."

"வுட்டாச்சுன்னா?"

"தேடுறத வுட்டாச்சு."

"நேத்து எதப் பாத்துண்ணே ஊதுனீங்க?"

"கண்ணால பாத்தேன். குழி காலியா இருந்துச்சு. ஊதிட்டேன்."

"இன்னைக்கு ஊதாதீங்க. நான் வரேன்."

"காலைலயே துளைல மருந்து எறக்கியாச்சு. எறக்குன மருந்த அப்படியே வச்சுகிட்டு யாரு வூட்டுக்குப் போவா? இன்னைக்கு வெடிச்சாவணும்." டிப்பர் ஹாரன் அடித்தது. "நான் உள்ள எறங்குறேன். சிக்னல் போயிரும்."

போய்விட்டது.

அவள் உட்கார்ந்து கொளஞ்சி என்று தட்டினாள். கீபோர்டு அமைப்பை மாற்றிவிட்டு மறுபடி கொளஞ்சி என்று தட்டினாள். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கொளஞ்சி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் ஒன்றா என்று புதிய பேக்கேஜிடம் கேட்டாள். இல்லை என்றது. பழைய வெர்ஷனிடம் கேட்டாள். ஆம் என்றது.

கொ என்ற எழுத்தில் க-வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால். போனில் தட்டினால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பதியும். மேல் வாசல் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய கீபோர்டு. அதில் கொம்பு தனி, கால் தனி. திரையில் ஒன்றுதான். உள்ளே இரண்டு குறி. பழைய வெர்ஷன் இந்த இரண்டையும் யாரும் கேட்காமலே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிச் செய்கிறது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. புதிய வெர்ஷனில் அதை எடுத்துவிட்டார்கள்.

அவளுடைய சோதனைப் பட்டியலில் கொளஞ்சி இருந்தது. அவள் அப்பாவின் பெயர். ஆனால் உள்ளே போன கொளஞ்சியையும் வெளியே வந்த கொளஞ்சியையும் அவளே, ஒரே கீபோர்டில் தட்டியிருந்தாள்.

சகாய ஆனந்த் பக்கத்து அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவருடைய ஆபீஸ்தான் இது.

"சார், உங்க வண்டி வேணும். குவாரிக்குப் போவணும்."

"என்னாச்சு?"

சொன்னாள்.

"டெஸ்ட்ல பச்சை வந்துச்சுன்னியே."

"வந்துச்சு."

"அப்புறம்?"

"நான் எத நெனச்சேனோ அதத்தான சார் டெஸ்ட் பண்ணுவேன்."

அவர் மூடியைத் திரும்பப் போட்டார். சாவியை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை.

"போன்ல எதுவும் சொல்லிராத வெற்றி. நேர்ல போ. கமுக்கமா பழைய வெர்ஷனப் போட்டுட்டு வந்துரு. தேவையில்லாம அவங்களப் பயமுறுத்த வேணாம்."

"அவங்க பயப்படணும் சார்."

"யாரும் சாவலல்ல?"

"நேத்து வரைக்கும்."

சாவியைக் கொடுத்தார். "ஹெல்மெட் போட்டுக்க," என்றார்.

குவாரியின் கீழ் வாசல் கம்ப்யூட்டருக்கு இணையத் தொடர்பு கிடையாது. அங்கே போய் உட்கார்ந்துதான் எதையும் செய்ய முடியும். பழைய வெர்ஷனைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். பதினொன்று முப்பத்தைந்து.

பேரளி வரை எழுபதில் போனாள். அதற்குப் பிறகு முடியவில்லை. சிமெண்டு லாரிகள் வரிசையாக வந்தன. ஒன்றை முந்தினால் முன்னால் இன்னொன்று. இரண்டு இடத்தில் ஓரம் கட்டி அய்யம்பெருமாளைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. குவாரி ஆபீஸ் எண்ணைக் கூப்பிட்டாள். யாரோ எடுத்தார்கள்.

"ஃபோர்மேன்கிட்ட சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் ஊத வேணாம்."

"நீங்க யாரு?"

"சாஃப்ட்வேர்."

"மேனேஜர் ஊர்ல இல்லைங்க."

"மேனேஜர் வேணாம். ஃபோர்மேன்."

"அவரு உள்ள இருக்காருங்க."

"அதான், உள்ள போயிச் சொல்லுங்க."

"நான் அக்கவுண்ட்ஸுங்க. உள்ள போவக் கூடாது."

வைத்துவிட்டாள். மணி பன்னிரண்டு ஐந்து.

அரியலூரைச் சுற்றிக்கொண்டு குவாரி ரோட்டுக்குத் திரும்பியதும் கேட் போட்டிருந்தார்கள். சரக்கு ரயில். கேட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாமே சுண்ணாம்புப் பொடியில் வெள்ளையாக இருந்தது. ரோடு, வேலிக்கருவை, நிற்கும் லாரி. அவள் வண்டியை அணைக்கவில்லை. பக்கத்தில் மொபெட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"பெட்ரோல் வீணாவுதும்மா. அது மெதுவாத்தான் போவும்."

அவள் போனில் மணியைப் பார்த்தாள். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் குவாரியின் கீழ் வாசலில் இருந்தாள். ஆட்கள் வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள். முகத்தில் துண்டு, துண்டில் பொடி. வாசலில் ஸ்டூல் போட்டு சுமதி உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொருவர் பெயராகப் போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா எழுத்தச் சொல்லுண்ணே."

"நேத்துதான சொன்னேன்."

"நேத்து சொன்னா? தெனம் ஒரு அப்பன் பேரச் சொல்ற ஆளு நீ."

வரிசையில் சிரித்தார்கள்.

அய்யம்பெருமாள் தகரக் கொட்டகையில் திரைக்கு முன்னால் நின்றார். உயரமான ஆள். மஞ்சள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்திருந்தார். சைரன் சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் இடத்தில், சுவரில்.

"வந்துட்டியா? போன்ல சொல்லிருந்தா நானே அணைச்சுப் போட்டிருப்பேன்ல."

"அணைச்சுப் போட்டா சரியாவாதுண்ணே."

"எல்லாத்துக்கும் அதான நீங்க சொல்லுவீங்க."

ஒன்று எட்டுக்குக் கடைசி ஆள் வாசலைத் தாண்டினார். சுமதி எழுந்து ஸ்டூலை மடக்கினாள். திரையில் எட்டுப் பெயர் நின்றது.

மு. கொளஞ்சி
பெ. கொளஞ்சி
வீ. சோலைமுத்து
இ. யோசேப்பு
ம. பொன்னுசாமி
ச. கோவிந்தம்மாள்
கொ. சுதர்சன்
அ. ராசாங்கம்

"பாத்தியா?" என்றார் அய்யம்பெருமாள். "அதே கூட்டம். அன்னைக்குலேருந்து உள்ளயே குடித்தனம் பண்ணுது."

அவள் திரையருகே குனிந்து விரலை வைத்துப் படித்தாள். கொளஞ்சி. கொம்பும் காலும். சோலைமுத்து, யோசேப்பு. இரட்டைக்கொம்பு, கால். பொன்னுசாமி, கோவிந்தம்மாள். சுதர்சனில் விரல் நின்றது. அந்தப் பெயரில் கொம்பு இல்லை. பிறகு முதலெழுத்தைப் பார்த்தாள். கொ. அவருக்கும் அப்பா கொளஞ்சியாக இருக்கும். விரல் கீழே இறங்கியது.

அ. ராசாங்கம்.

எழுத்தெழுத்தாக இரண்டு முறை படித்தாள்.

"அண்ணே, ராசாங்கம் யாரு?"

"பம்பு ஓட்டுறவன்."

"எங்க இருக்காரு?"

"இங்கதான் எங்கயாச்சும். அவனும் அந்தக் கூட்டம்தான்."

"அவர் அந்தக் கூட்டம் இல்ல. இவங்க ஏழு பேரும் எழுத்தால மாட்டுனவங்க. இவர் பேர்ல அந்த எழுத்தே இல்ல."

"எந்த எழுத்து?"

"கொம்பும் காலும் சேர்ந்து வர எழுத்து. பேர்ல அது இல்லாதவங்க எல்லாரும் ஒழுங்கா வெளிய வந்துட்டாங்க. இவர் மட்டும் நிக்கிறாரு."

அய்யம்பெருமாள் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"சுமதி, ராசாங்கம் பேரத் தட்டுனியா?"

"பம்பு ராசாங்கமா? இன்னைக்குப் பாக்கலயே."

அவர் ஓடவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக யாரும் நடந்து அவள் பார்த்ததில்லை. வாசல் தாண்டி, சரிவில் ஜீப் வரை போனார். ஜீப் கீழே இறங்கியது. தூசி எழுந்து நின்றது. கொட்டகையில் இருந்த ஆட்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

அவள் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்தாள். பென் டிரைவைச் செருகினாள். உள்ளே போகவில்லை. திருப்பிச் செருகினாள். புதிய வெர்ஷனை எடுக்க ஒரு கட்டளை, பழையதைப் போட ஒரு கட்டளை. சதவீதம் ஏறியது. நாற்பத்தொன்றில் நின்றது. அவள் வாசலைப் பார்த்தாள். மறுபடி ஏறியது.

ஒன்று பதினேழுக்கு ஜீப் வந்தது. முன் இருக்கையில் ஒல்லியாக ஒருவர், முழங்கால் வரை சேறு. இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"தண்ணி ஏறி நிக்குது. பம்ப நிறுத்துனா மோட்டார் முழுவிரும். நான் என்ன பண்றது? ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியுதா?"

"வெளிய வரணும்னு தெரியாதா உனக்கு?" என்றார் அய்யம்பெருமாள்.

"சைரன் ஊதுனா வரேன்."

"சைரன் ஊதுனா ஓடி வரதுக்கு நேரம் இருக்காடா?"

"அதுவும் பம்பு சத்தத்துல கேக்காது." ராசாங்கம் துண்டால் காலைத் துடைத்தார். "நேத்தும் கேக்கல. வெடிதான் கேட்டுச்சு. பம்பு ரூம் தகரத்து மேல ரெண்டு கல்லு வுழுந்துச்சு. காக்கா போட்ட எலும்புன்னு நெனச்சேன்."

ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நேத்தா?" என்றார் அய்யம்பெருமாள்.

"நேத்துதான். முந்தாநாள் மழையில ஏறுன தண்ணி."

வெற்றிச்செல்வி புதன்கிழமைப் பட்டியலைத் திரையில் எடுத்தாள். ஒன்று பன்னிரண்டுக்கு எட்டுப் பெயர். எட்டாவது அ. ராசாங்கம். அய்யம்பெருமாள் அவள் தோளுக்கு மேலே குனிந்து படித்தார். அவர் மூச்சில் வெற்றிலை வாசனை. அதிகநேரம் படித்தார்.

"நேத்தே சொல்லித்தான் இருக்கு," என்றார்.

சுமதி ராசாங்கத்தின் பெயரைப் போனில் தட்டினாள். திரையில் ஏழானது.

அய்யம்பெருமாள் நிமிர்ந்தார். "சரி. மத்த ஏழும் எழுத்துக் கோளாறு. ஊதிரலாமா?"

"வேணாம்ண்ணே."

"நீதானம்மா சொன்ன?"

"எழுத்துக் கோளாறாவும் இருக்கலாம். உள்ளயும் இருக்கலாம். இப்ப இந்த லிஸ்டப் பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஆளக் கண்ணால பாக்கணும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே போய்க் கத்தினார்.

"சோலைமுத்து."

"இந்தா இருக்கேன்."

"யோசேப்பு."

"வந்தாச்சு."

பொன்னுசாமி கையைத் தூக்கினார். கோவிந்தம்மாள் சோற்றுச் சட்டியோடு எழுந்து நின்று, "பசில உசுரு போவுது, இப்பத்தான் பேரு வாசிக்கிறாரு," என்றாள். சுதர்சன் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார்.

"கொளஞ்சி."

"இருக்கேன்."

"இன்னொரு கொளஞ்சி."

"இருக்கேன்."

அதே ஆள். அதே கை. வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"எத்தன தடவடா நீ இருப்ப?"

"கொளஞ்சின்னு கூப்பிட்டா நான் வருவேன். எந்தக் கொளஞ்சின்னு நீங்கதான் சொல்லணும்."

"நீ மூனா கொளஞ்சி. பேனா கொளஞ்சி எங்க?"

யாரும் பேசவில்லை. அய்யம்பெருமாள் இன்னும் ஒருமுறை கூப்பிட்டார். குழியின் அந்தப் பக்கச் சுவரில் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. ஒன்று இருபத்திரண்டு.

"நேத்து இப்படித்தான் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் வெற்றிச்செல்வி.

"நேத்து யாரையும் கூப்பிடல."

திரையில் சதவீதம் நூறானது. மென்பொருள் மறுபடி எழுந்தது. ஏழு பெயரும் ஒன்றாக மறைந்தன.

உள்ளே: 0.

"போயிருச்சு," என்றாள் சுமதி.

வெற்றிச்செல்வி திரையிலிருந்து கண்ணை எடுத்து வெளியே பார்த்தாள். இது பழைய வெர்ஷன். இரண்டு வருடம் சரியாக ஓடியது. பெ. கொளஞ்சி வெளியே வந்துவிட்டார் என்று சொல்கிறது. ஆனால் மு. கொளஞ்சியை யாராவது இரண்டு முறை தட்டி, ஒரு முறை முதலெழுத்து மாறியிருந்தால்?

"சுமதி, பேனா கொளஞ்சி பேரத் தட்டுன ஞாபகம் இருக்கா?"

"தட்டிருப்பேன்."

"ஞாபகம் இருக்கா?"

சுமதி உதட்டைக் கடித்தாள். "நூத்திப் பத்துப் பேரு அக்கா. மூஞ்சில துண்டு."

அய்யம்பெருமாள் மறுபடி ஜீப்பை நோக்கிப் போனார். வெற்றிச்செல்வி ரோட்டுப் பக்கம் ஓடினாள். டீக்கடை வாசலில் நான்கு பேர். துண்டை முகத்திலிருந்து இறக்காமல் ஒருவர் பெஞ்சில் படுத்திருந்தார்.

"பேனா கொளஞ்சி யாருங்க?"

படுத்திருந்தவர் துண்டை விலக்கினார். ஐம்பது வயது இருக்கும். கண் இமையில் வெள்ளைப் பொடி.

"ஏன்? நான் உள்ள இருக்கேன்னு சொல்லுதா?" என்றார். "நாலு நாளா அது அப்படித்தான் சொல்லுது. நாங்க கண்டுக்கறதில்ல."

அவள் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் கூச்சத்தோடு பின்னாலேயே நடந்து வந்தார். "என்ன தங்கச்சி, எம் பேர்ல எதும் கேஸா?" என்று இரண்டு முறை கேட்டார். சரிவில் பாதி இறங்கியிருந்த ஜீப்பைப் பார்த்து அவள் கையை ஆட்டினாள். ஜீப் நின்றது. திரும்பியது.

ஒன்று இருபத்தெட்டு.

அய்யம்பெருமாள் கொட்டகைக்குள் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொளஞ்சியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ராசாங்கத்தைப் பார்த்தார். வெளியே போய் எல்லாரையும் விரல் நீட்டி எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். திரும்பி வந்து சுவரில் இருந்த சுவிட்சில் கை வைத்தார். அழுத்தவில்லை.

வெற்றிச்செல்வி பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டாள். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு நீ இருக்க மாட்ட. இது மட்டும்தான் இருக்கும். இந்த சைபர நான் நம்பலாமாம்மா?"